மணமகள் என்ற கட்டம்

அந்த வீட்டில் அக்கா என்றால் ஒருத்திதான். தங்கைக்கு அவள் அக்கா என்பதில் அதிசயமில்லை. தங்கையின் கணவரான ரொட்டிக்காரருக்கும் அவள் அக்காதான். அவளைவிட அவர் ஒன்றரை வயது மூத்தவர் என்பதை எல்லோருமே மறந்துவிட்டார்கள். கீழே ரொட்டிக்கடைக்கு வருகிறவர்கள், மாடியில் அவளிடம் துணி தைக்கக் கொடுக்கிறவர்கள், தபால்காரர், எதிர்ச்சாரியில் பூட்டு ரிப்பேர் பார்க்கிறவர், எல்லோருக்கும் அக்கா. அவளுடைய சொந்தப் பெயர் மருந்துச் சீட்டில் வரும், தேர்தல் சமயத்தில் வரும். மற்றபடி அதற்கு வேலையில்லை.

அதனால், வியாழக்கிழமை மதியம் தங்கை சின்னவள் நகராட்சியிலிருந்து வாங்கிவந்த திருமணச் சான்றிதழை ரொட்டிக்காரர் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தபோது, மணமகள் என்று இருந்த இடத்துப் பெயரைப் பார்த்துவிட்டு உண்மையாகவே யோசித்தார்.

"யாரும்மா இது?"

"நல்லாப் பாருங்க."

"பார்த்துட்டேன். யாருன்னு தெரியலையே. வேற யாரோடதையோ மாத்திக் குடுத்துட்டானா?"

"மாத்தியெல்லாம் குடுக்கல. உங்க பேரு சரியாத்தானே இருக்கு? பக்கத்துல இருக்கறது அக்கா பேரு."

ரொட்டிக்காரர் இன்னொரு தடவை படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு 'டொக்' என்று சத்தம் வரும். அவ்வளவு தாகம். ஒரு நாளைக்கு நான்கு சின்ன டம்ளர் தண்ணீருக்கு மேல் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, மீதி நாட்களில் அனல் அடிக்கும் அடுப்புக்கு முன்னால் நிற்கிற மனிதருக்கு நான்கு டம்ளர்.

"அக்கா!" என்று மாடிப்படியைப் பார்த்துக் கூப்பிட்டார். "கீழ வாங்க. உங்க வீட்டுக்காரர் கூப்பிடுறேன்!"

மேலே தையல் இயந்திரம் நின்றது. சீருடைச் சட்டையின் காலர் பாதியில் ஊசிக்கடியில் கிடக்க, அக்கா காலைத் தரையில் ஊன்றியபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். தங்கையின் குரலும் அதற்குப் பிறகு வந்த சிரிப்பும் படி வழியாக ஒன்றுவிடாமல் மேலே வந்திருந்தன. சான்றிதழில் என்ன இருக்கும் என்பது அவளுக்கு இருபத்தாறு வருஷமாகத் தெரியும்.

அவள் இறங்கிவந்தாள். அவர் காகிதத்தை நீட்டினார். அவள் வாங்கிப் படித்தாள். ஒரு ஆச்சரியத்தை முகத்தில் கொண்டுவர முயன்றாள். அவளுக்கு நடிப்பு வராது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. சின்னவள் முக்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வெயிலில் நடந்து வந்த பாதம் சிவந்திருந்தது.

"இதுல இன்னொரு கூத்து இருக்கு," என்றாள் சின்னவள். "அக்கா பேரு மணமகள்ல இருக்குன்னா, என் பேரு எங்க இருக்கு சொல்லு பார்ப்போம்? சாட்சியில! என் கல்யாணத்துக்கு நானே சாட்சி."

"பரவாயில்ல, கல்யாணத்துக்காவது வந்திருக்கே," என்றார் ரொட்டிக்காரர்.

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. அடுத்த வியாழக்கிழமை கமிட்டி."

அவர் சிரிப்பை நிறுத்தினார். அதுதான் விஷயம். சின்னவளின் சிறுநீரகம் அவருக்குப் பொருந்துகிறது என்று பத்து நாளைக்கு முன்னால் சொல்லியிருந்தார்கள். வெட்டி எடுத்து வைப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு கமிட்டி உட்காரும். கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் என்ன உறவு, யாராவது வற்புறுத்தினார்களா, விலை பேசினார்களா என்று விசாரிக்கும். கணவன் மனைவி என்றால் நகராட்சி கொடுத்த சான்றிதழ் வேண்டும். இருபத்தாறு வருஷமாக யாரும் கேட்காத காகிதம். கமிட்டி மாதத்துக்கு ஒரு தடவைதான் கூடும். அந்த வியாழனை விட்டால் அடுத்த மாதம். அவர் கையில் ஊசி குத்துகிற ரத்தக்குழாய் ஏற்கனவே ஒரு தடவை அடைத்துத் திறந்தாயிற்று. அடுத்த மாதம் என்ற வார்த்தையை டாக்டர் சொன்ன விதம் யாருக்கும் பிடிக்கவில்லை.

"கவுன்ட்டர்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் அக்கா.

"ரிஜிஸ்தர்ல என்ன இருக்கோ அதைத்தான் கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுக்க முடியுமாம். அந்தக் காலத்துல அவங்கவங்க கட்டத்துல அவங்கவங்களே பேரு, வயசு எழுதிக் கையெழுத்துப் போடணும். நீ மாத்திப் போட்டிருக்கே. திருத்தணும்னா மனு குடுக்கணும், நோட்டீஸ் ஒட்டணும், முப்பது நாள்."

"முப்பது நாளா!"

"எழுதினவங்க தப்பா இருந்தா முப்பது நாள். வேணும்னே பொய் எழுதியிருந்தா கோர்ட்டு. ஆபீஸ் மேல தப்பு இருந்தா மட்டும் பதிவு அதிகாரியே அன்னைக்கே திருத்தலாம். அந்த அம்மா லீவு. திங்கக்கிழமை மூணு பேரும் நேர்ல வாங்கன்னான் அந்தப் பையன்." சின்னவள் எழுந்து மாவுக் கையுறையை மாட்டிக்கொண்டாள். சாயங்கால ரொட்டிக்கு மாவு பொங்கி, தொட்டியின் விளிம்புக்கு வந்திருந்தது. "இதுல அவன் என்னைக் கேக்குறான், 'மேடம், நீங்க அவருக்கு என்ன வேணும்?'னு. இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டினவளைப் பார்த்து!"

"நீ என்ன சொன்னே?"

"சாட்சின்னேன்."

ரொட்டிக்காரருக்கு மறுபடி சிரிப்பு வந்தது. "இதுல பாரும்மா, சட்டப்படி என் பொண்டாட்டிக்கு சர்க்கரை. கிட்னி குடுக்க முடியாது. குடுக்கறேங்கறவ சட்டப்படி யாரோ. என் ஜாதகமே இப்படி."

அக்கா அலமாரியிலிருந்து அவருடைய மூன்றாவது டம்ளரை எடுத்தாள். தண்ணீர் அவள் பொறுப்பு. சின்னவளிடம் விட்டால் அவர் கெஞ்சுவதில் இளகிக் கூடுதலாக ஊற்றிவிடுவாள். அக்கா தைக்கிற நாடாவால் அளப்பதுபோல அளப்பாள். டம்ளரில் ஒரு கோடு கீறி வைத்திருந்தாள்.

"அக்கா, ஒரு அரை மடக்கு கூட ஊத்துங்க. கட்டினவருக்கு இதுகூடவா கிடையாது?"

"கோட்டுக்கு மேல சொட்டு கிடையாது, மாப்பிள்ளை," என்றாள் அக்கா.

அவர் அந்தத் தண்ணீரை உடனே விழுங்கமாட்டார். வாயில் வைத்துக்கொண்டு, தட்டுகளுக்கு நெய் தடவிக்கொண்டே, கன்னம் உப்பிய குழந்தை மாதிரி நடந்துகொண்டிருப்பார். அப்படி அவர் நடப்பதைப் பார்க்க அவளுக்குத் தாங்காது. மேலே போய் காலரைத் தைத்தாள். தையல் கோணிற்று. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள்.

*

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். அக்காவின் மடியில் இருந்தது ஒரு சொல். அதற்கு எடையே இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

சின்னவளின் கல்யாணத்தன்று நல்ல மழை. நகராட்சி மண்டபத்தில் மூன்று இடத்தில் ஒழுகியது. கீழே வாளி வைத்திருந்தார்கள். அம்மா அப்பா இல்லாத பெண்கள். மாப்பிள்ளை பக்கத்திலும் சொல்லிக்கொள்ள ஆளில்லை. கூட வந்தவர் மாவு மில்காரர் ஒருவர்தான், அவரும் இப்போது இல்லை. நீலத்துணி ஒரே சுருளாக மலிவாகக் கிடைத்ததென்று அக்கா இரண்டு பேருக்கும் அதிலேயே தைத்திருந்தாள். தங்கைக்குக் கழுத்தில் வேலைப்பாடு செய்தாள். மழையில் நனைந்ததும் வேலைப்பாடு எது, சுருக்கம் எது என்று தெரியவில்லை.

மேஜைக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு பெண் இருந்தாள். புதிது போலிருந்தது, ஒவ்வொரு காகிதத்தையும் இரண்டு தடவை எண்ணினாள். மாப்பிள்ளை எழுதி முடித்ததும் அவள் தலை நிமிராமல், "அக்கா, அடுத்து நீங்க வாங்க," என்றாள்.

சின்னவள் ஜன்னல் ஓரமாக நின்று துணியின் ஓரத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள். "அக்கா, உன்னைத்தான் கூப்பிடுறாங்க. போ," என்றாள்.

அவள் போனாள். அதுவரைக்கும் தப்பு ஒன்றுமில்லை. அக்கா என்று கூப்பிட்டால் யார் போவார்கள்? அக்காதான் போவாள்.

பேனா மேஜையோடு நூலால் கட்டியிருந்தது. ரிஜிஸ்தரைத் தன் பக்கம் திருப்பினாள். அளவுச் சீட்டைப் படித்துப் பழகினவள்; எதையும் தலைப்பிலிருந்து படிப்பாள். கட்டத்தின் மேல் அச்சில் 'மணமகள்' என்று இருந்தது. படித்தாள். இது நமக்கில்லை என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் பேனா கையில் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. அவளுக்கு இருபத்தேழு வயது. வந்த இரண்டு இடமும் தங்கையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியில் நின்றுபோய், பிறகு எதுவும் வரவில்லை. அதற்காக அவள் அழுததில்லை. அந்த மனிதர் மேலும் அவளுக்கு ஒரு நாளும், ஒரு கணமும் எதுவும் இருந்ததில்லை; தங்கைக்குப் பொருத்தமான ஆள் என்று தேடிப் பிடித்தவளே அவள்தான். ஆசை அந்தக் கட்டத்தின் மேல். அதற்குள் தன் பெயர் எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசை.

நிதானமாக எழுதினாள். நாள் முழுக்க நின்றுகொண்டிருந்த ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்ததுபோல இருந்தது, அந்தப் பெயர். வயதையும் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். இப்போது சொல்லிவிடலாம், சிரித்துக்கொண்டே 'ஐயோ மாத்தி எழுதிட்டேன்மா' என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுக்கும்போது, அந்த ஒல்லிப் பெண் மையொற்றுத் தாளை அதன்மேல் அழுத்திவிட்டு, "அடுத்து சாட்சி," என்றாள். சின்னவள் ஓடிவந்து, காட்டின இடத்தில் எதையும் படிக்காமல் எழுதினாள். சந்தோஷமாக இருப்பவர்கள் எங்கே படிக்கிறார்கள்?

ஒரு வாரம் கழித்துச் சான்றிதழ் வாங்க வரச்சொல்லிச் சீட்டுக் கொடுத்தார்கள். அந்த வாரம் கடையின் பழைய அடுப்பு இடிந்துவிழுந்தது. பிறகு யாரும் போகவில்லை. போகலாமே என்று அக்காவும் சொல்லவில்லை. எப்போதாவது நூல்கண்டு சுற்றும்போது அந்தக் கட்டம் நினைவுக்கு வரும். ஊரில் எங்கேயோ ஒரு தடித்த புத்தகத்துக்குள் தன் பெயர் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். யாருக்கும் நஷ்டமில்லாத சந்தோஷம் என்று நினைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் சான்றிதழ் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். ஒருவேளை அந்தப் பெண் பிறகு பார்த்துத் திருத்தியிருப்பாள் என்று பத்து நாள் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். இப்போது ஒரு மனிதர் வாயில் தண்ணீரை அடக்கிக்கொண்டு கீழே நடந்துகொண்டிருக்கிறார்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் சொல்லிவிடலாம் என்று இறங்கிவந்து, சொல்லாமல் மேலே போனாள். ஞாயிறன்று சின்னவளே மாடிக்கு வந்தாள். பன்னும், சர்க்கரை போடாத தேநீரும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"ஏன்க்கா ஒரு மாதிரி இருக்கே? ஆபீஸுக்குப் போகப் பயமா?"

"பயமில்ல."

"தெரியாம எழுதிட்டேன்னு சொல்லு, அவ்வளவுதான். நீ வேணும்னா எழுதினே? மழையில, அவசரத்துல, கண்ணு தெரியாம..."

"அப்ப எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுது," என்றாள் அக்கா.

"சரி, சொல்லுக்குச் சொல்லு பிடிக்காதே. சாப்பிடு."

*

நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றுக்கும் ஒரே கவுன்ட்டர், ஒரே வரிசை. முன்னால் நின்றவர் குழந்தைக்குப் பெயர் பதிய வந்திருந்தார். பெயர் இன்னும் முடிவாகவில்லை, போனில் மனைவியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் அப்பாவின் இறப்புச் சான்றிதழுக்காக ஒருவர். பின்னால் புதுச் சட்டைகளில் ஒரு ஜோடி, கையை விடாமல் நின்றது. "வர்றவங்க, போறவங்க, மாட்டிக்கிட்டவங்க," என்றார் ரொட்டிக்காரர். மின்விசிறி சுற்றியதே தவிரக் காற்று வரவில்லை. அக்கா கைப்பையில் ஐஸ்கட்டி போட்ட சின்ன ஃபிளாஸ்க் கொண்டுவந்திருந்தாள். ஒரு கட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "சப்புங்க, கடிக்காதீங்க."

பதிவு அதிகாரி அம்மாளின் அறையில் நாற்காலிகள் இரண்டுதான். ரொட்டிக்காரரை உட்காரவைத்தார்கள். இன்னொன்றில் அக்காவை உட்காரச் சொன்னாள் அந்த அம்மாள். பழைய ரிஜிஸ்தர் மேஜைமேல் திறந்திருந்தது. காகிதம் தேநீர் நிறமாகியிருந்தது. அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும், பருமனான உடம்பு. கண்ணாடி சங்கிலியில் தொங்கியது.

"இங்க எழுதியிருக்கறது நீங்கதானே?"

"நான்தான்மா."

"இது உங்க கல்யாணம் இல்லையே?"

"இல்ல. இவளோடது. நான் இவளுக்கு அக்கா."

"அப்ப இந்தக் கட்டத்துல நீங்க எப்படி எழுதினீங்க? நடந்ததை அப்படியே சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன். ஆஸ்பத்திரி விஷயம்னு பையன் சொன்னான். ஆனா வழி இருந்தாத்தான் நான் ஏதாவது பண்ண முடியும், பார்த்துக்கங்க."

"தெரியாம எழுதிட்டாங்க மேடம், மழை வேற," என்று ஆரம்பித்தாள் சின்னவள்.

"நீங்க இருங்கம்மா. அவங்க சொல்லட்டும்."

அக்கா தொண்டையைச் செருமினாள். "இவர் எழுதி முடிச்சதும், 'அக்கா, அடுத்து நீங்க வாங்க'ன்னு கூப்பிட்டாங்க. எங்க வீட்டுல அக்கான்னா நான்தான். அதனால போனேன்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "யாரு கூப்பிட்டது?"

"இங்க வேலை பார்த்த பொண்ணு. ஒல்லியா, சின்னப் பொண்ணு. எதையும் ரெண்டு தடவை எண்ணிக்கிட்டு இருந்துச்சு."

அதிகாரி அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தின் மூலையில் இருந்த சுருக்கொப்பத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் உடம்பைக் குனிந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஒல்லியாத்தான் இருந்தேன்," என்றாள்.

ரொட்டிக்காரர் ஐஸ்கட்டியை விழுங்கிவிட்டார்.

"நான் வேலையில சேர்ந்த முதல் வாரம் அது. வர்ற பொம்பளைங்க எல்லாரையும் அக்கான்னுதான் கூப்பிடுவேன். மரியாதைன்னு நினைச்சுக்கிட்டு." அவள் சிரித்தாள், உடனே அதிகாரி ஆனாள். "சரி. கூப்பிட்டதுல தப்பு. அது இருக்கட்டும். கட்டத்துக்கு மேல அச்சுல பெருசாப் போட்டிருக்கே. அதை நீங்க படிக்கலைன்னு எழுதிக்கலாமா?"

சின்னவள் அக்காவின் தோளில் கையை வைத்து மெல்ல அழுத்தினாள். சொல்லு என்று அர்த்தம்.

ஒரு சொல்தான். 'ஆமா' என்றால் முடிந்தது. இந்தக் குடும்பத்துக்காக அக்கா எவ்வளவோ செய்திருக்கிறாள். இதைச் செய்ய முடியாதா? ஆனால் அதே பக்கத்தில் ஒரு தடவை பொய்யாக எழுதியாயிற்று. இப்போது அதற்குக் கீழே இன்னொன்று. தன் தங்கை உடம்பிலிருந்து ஒன்றை அறுத்துக் கொடுக்கப்போகிற காகிதம் இது. அதன் அடியில் ஒரு பொய் கிடக்க வேண்டாம் என்று தோன்றியதா, அல்லது தன் வாழ்க்கையில் தனக்கென்று செய்துகொண்ட ஒரே காரியத்தைத் தவறு என்று எழுதித்தர மனம் வரவில்லையா? எது என்று அவளுக்கே தெரியவில்லை.

"படிச்சேன்," என்றாள்.

தோளிலிருந்த கை எழுந்துகொண்டது.

"படிச்சீங்களா?"

"படிச்சேன்மா. மணமகள்னு போட்டிருந்துச்சு. படிச்சுட்டுத்தான் எழுதினேன்."

"ஏன்?"

"அதையும் உங்க ரிஜிஸ்தர்ல எழுதணுமா?"

வெளியே குழந்தைக்காரர் போனில், "அந்தப் பேரு வேணாம்னு எத்தனை தடவை சொல்றது!" என்று கத்துவது கேட்டது. அதிகாரி அம்மாள் பேனாவை மூடினாள், திறந்தாள். ரொட்டிக்காரரின் வீங்கிய கையைப் பார்த்தாள். ஊசி குத்தின இடங்கள் வரிசையாகக் கறுத்திருந்தன. பிறகு ஒரு விதிப் புத்தகத்தை இழுத்து, விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே படித்தாள். எல்லோரும் அந்த விரலைப் பார்த்தார்கள்.

"தலைப்பைப் படிக்கணும்னு உங்களுக்கு விதி எதுவும் இல்ல," என்றாள் கடைசியில். "வர்றவங்க எழுதப் படிக்கத் தெரியாதவங்களாக்கூட இருக்கலாம். யாரு மணமகள், யாரு சாட்சின்னு முகத்தைப் பார்த்துக் கேட்டு, எழுதினதும் வாசிச்சுக் காட்டி, சரியான்னு கேட்டு, அப்புறம்தான் எழுத்தர் சுருக்கொப்பம் போடணும். நான் முகத்தையே பார்க்கல. வாசிச்சும் காட்டல. வாசிச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். ஆயிரம் பேர் ஆயிரம் மனசோட வருவாங்க. அதுக்குத்தான் இங்க ஒருத்தியை உட்கார வச்சுச் சம்பளம் குடுக்கறாங்க."

அவள் எழுதினாள். எழுதியதை, வாசித்தும் காட்டினாள்: "பதிவின்போது எழுத்தர் தரப்பினரை அடையாளம் காணவும் பதிவை வாசித்துக் காட்டவும் தவறியதால் நேர்ந்த பிழை. இதுல பொய் ஏதாவது இருக்கா?"

"இல்ல," என்றாள் அக்கா.

"அவ்வளவுதான் எனக்கு வேணும். என் பேருல ஒரு குறிப்பு விழும். விழட்டும், இருபத்தாறு வருஷம் தாமதமா விழுது."

ரிஜிஸ்தரில் எதையும் அழிக்கக்கூடாதாம். ஒரே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் ஒப்பம் போடவேண்டும். எழுதினவரே கிழிக்கவேண்டும். அதிகாரி அம்மாள் அளவுகோலை நீட்டினாள். அக்காவுக்கு அது தேவைப்படவில்லை. சாக்கட்டியால் ஆயிரம் கோடு போட்ட கை. பெயரின் நடுவாக ஒரே இழுப்பு, நூல் பிடித்ததுபோல. சாட்சிக் கட்டத்திலும் இப்படியே பெயர் மாறியது. சின்னவள் மணமகள் கட்டத்தில், கோட்டுக்கு மேலே தன் பெயரை எழுதினாள். வயது என்ற இடத்தில் நாற்பத்தொன்பது என்று எழுதப்போனவளை, "அன்னைக்கு வயசும்மா," என்று நிறுத்தினார்கள். இருபத்துமூன்று என்று எழுதினாள். எழுதும்போது கணவரைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை.

*

அச்சாகி முத்திரை விழ அரைமணி நேரம் ஆகும் என்றார்கள். வராந்தா பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ரொட்டிக்காரர் நடுவில். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எழுந்தார்.

"மாப்பிள்ளை," என்றாள் அக்கா. "உங்களை வச்சு நான் ஒரு நாளும்..."

"அது எனக்குத் தெரியாதா அக்கா? என் குறட்டையை இருபத்தாறு வருஷமா மாடியில இருந்து கேட்டவங்க நீங்க. அப்படி ஒரு நினைப்பு இருந்திருந்தாலும் முதல் ராத்திரியே போயிருக்கும்." அவர் அவள் மடியிலிருந்த ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டார். "நான் அந்தப் புள்ளைக்காரருக்குப் பேரு வைக்க உதவி பண்ணிட்டு வர்றேன். கட்டி ஒண்ணுதான் எடுப்பேன், நம்புங்க."

அவர் போனபின் பெஞ்சில் நடுவே ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. இரண்டு பேருமே நகர்ந்து உட்காரவில்லை.

"ரெண்டு வாரம்," என்றாள் சின்னவள். "ஆஸ்பத்திரியில கேட்டதுல இருந்து ரெண்டு வாரமா உனக்குத் தெரியும். அவரு நாக்கு ஒட்டிக்கிட்டுக் கிடக்கறாரு, நீ வாயைத் திறக்கல."

"தப்புதான்."

"அந்த அம்மா வேற மாதிரி இருந்திருந்தா? கோர்ட்டுன்னு எழுதியிருந்தா? அப்பவும் படிச்சேன்னுதான் சொல்லியிருப்பியா?"

"தெரியல," என்றாள் அக்கா. "தெரியலடி. சத்தியமா."

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். எதிர்ச்சுவரில் நாய்க்கு உரிமம் வாங்குவது பற்றி ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதை முழுவதும் படித்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"எதுக்குக்கா எழுதினே?"

"எப்படி இருக்கும்னு பார்க்க."

"எது?"

"என் பேரு. அந்தக் கட்டத்துக்குள்ள."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். அக்காவின் முகத்தில் எதையோ எதிர்பார்த்தாள். அங்கே ஒரு வெட்கம்தான் இருந்தது. ஐம்பத்துமூன்று வயது முகத்தில் இருபத்தேழு வயது வெட்கம். இத்தனை காலத்தில் தன் அக்கா வெட்கப்பட்டு அவள் பார்த்ததே இல்லை.

"கேட்டிருந்தா நானே எழுதிக்கோன்னு விட்டிருப்பேனே."

"கேட்டு வாங்குற சாமானாடி அது?"

சின்னவளுக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று சொல்லமுடியாத ஒரு சத்தம் வந்தது. நடுவில் இருந்த காலி இடத்தைத் தாண்டி நகர்ந்து வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அடிப்பாவி. ஊமை மாதிரி இருந்துகிட்டு என் மாப்பிள்ளையைத் தட்டிக்கிட்டுப் போயிருக்கே. அப்புறம் எப்படி இருந்துச்சு? உன் பேரு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"கோடு போட்டப்ப?"

அக்கா யோசித்துப் பார்த்தாள். "கோடுதானே. அடியில பேரு தெரியுது. யாரு பார்த்தாலும் படிக்கலாம்."

"உன் திமிரு இருக்கே," என்றாள் சின்னவள். கைக்குட்டையை எடுத்து முதலில் தன் முகத்தையும், பிறகு, கேட்காமலே, அக்காவின் முகத்தையும் துடைத்தாள்.

கவுன்ட்டர் பையன் எட்டிப் பார்த்தான். "பேரு, தேதி எல்லாம் சரியான்னு வாசிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. இங்கேயே பார்த்துடுங்க, அப்புறம் மாத்த முடியாது."

ரொட்டிக்காரர் திரும்பி வந்தார். குழந்தைக்காரர் நல்ல பெயர் கிடைத்த சந்தோஷத்தில் அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். பையன் நீட்டிய தாளைச் சின்னவள் வாங்கினாள். முத்திரையின் மை இன்னும் காயவில்லை. அவள் அதைப் பார்க்காமலே அக்காவிடம் கொடுத்தாள்.

"நீ படி. நீதானே எதையும் தலைப்பிலிருந்து படிக்கிறவ."

அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். தாளைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தாள். பதிவு எண், நாள், நகராட்சியின் பெயர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் உரக்கப் படித்தாள். வரிசையில் நின்ற புதுச்சட்டை ஜோடி பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டது. மணமகன் என்று படித்து அவர் பெயரைப் படித்தாள். ரொட்டிக்காரர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். மணமகள் என்று படித்தாள். அதில் ஒரு மூச்சு அளவுக்கு நின்றாள். பிறகு, தான் தூக்கி வளர்த்த பெண்ணின் பெயரை, முதலெழுத்தோடு, முழுசாகப் படித்தாள்.

"உள்ளேன்," என்றாள் சின்னவள், கையைத் தூக்கி.